சைக்கிள் சாமியும் ஒட்டுக் களிசானும்

இந்த மலைநாட்டில் குளிரோடு வழக்குப் பேசியவர் ஒரே ஒருவர்தான். நாமெல்லாம் குளிர்ந்தால் போர்த்துவோம், வெயில் வந்தால் கழற்றுவோம், மழை வந்தால் நனைவோம், காய்ச்சல் வந்தால் படுப்போம். சைக்கிள் சாமி அப்படி இல்லை. நானுஓயாவில் அடிக்கிற காற்று ராதெல்லையில் ஏன் அடிக்கவில்லை என்று விளக்கம் கேட்பார். காற்றிடம் கேட்டாலும் பரவாயில்லை. என்னிடம் கேட்பார். நான் என்னவோ காற்றை மூட்டையாக இறக்கி விற்கிறவள் மாதிரி.

நான் விற்பது குளிர்ச்சட்டை. நுவரெலியா டவுனில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றனவே, அதில் ஒன்று என்னுடையது. ஏப்ரல் மாதத்தில் கொழும்பிலிருந்து அரைக் களிசானும் ரப்பர் செருப்புமாக வந்து இறங்கி, "என்னக்கா, இவ்வளவு குளிருமா?" என்று நான் மறைத்து வைத்த விஷயத்தைக் கண்டுபிடித்த மாதிரி கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டையைப் போட்டு நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, "கலர் சரியில்ல" என்று திருப்பித் தருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எல்லோரையும் வாயாலேயே விரட்டியிருக்கிறேன். என்னால் விரட்ட முடியாமல் போனவர் சாமி ஒருவர்தான். இப்போது கொழும்புப் பக்கம் வத்தளையில் மகள் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாராம். அங்கே யாரிடம் போய்ச் சண்டை பிடிக்கிறாரோ தெரியவில்லை.

அவருக்குப் பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. லிந்துலையிலிருந்து நானுஓயா வரைக்கும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் நாலு கோயில்களுக்கு அவர்தான் பூசாரி. வீடு நானுஓயாப் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்று. முன்பெல்லாம் ஆட்டோவில்தான் போய் வந்தார். பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் ஆட்டோ நின்றுபோனது. எங்கேயோ ஒரு பழைய சைக்கிளைப் பிடித்தார். பிறகு பெட்ரோல் வந்தது, ஆட்டோவும் வந்தது. சாமி மட்டும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"ஆட்டோவுல போனா அம்மனுக்கு முன்னாடி ஆட்டோக்காரனுக்குப் படைக்கணும் தங்கச்சி" என்பார்.

அந்த ரோட்டில் சைக்கிளில் போனவர்களுக்குத் தெரியும். காலையில் வீட்டை விட்டு இறங்கும்போது காது விறைக்கும். ராதெல்லையில் பனிமூட்டம், முன்னால் போகிற லொறி தெரியாது. லிந்துலைக்கு வந்தால் சுள்ளென்று வெயில். திரும்பி ஏறும்போது மழை. ஏற்றத்தில் வேர்த்துக் கொட்டும், இறக்கத்தில் அந்த வேர்வையே ஐஸாக மாறும். இதற்கு நடுவில் நாலு இடத்தில் வெறும் மேலோடு வேட்டி கட்டி நின்று மணி ஆட்ட வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து ஒரே சட்டை வேண்டுமாம். அதை நான் தர வேண்டுமாம்.

முதல் நாள் கடைக்குள் வந்தவர் சட்டையைக் கேட்கவில்லை.

"தங்கச்சி, ஒரு ஸ்டூல் குடுங்க."

களைத்து வந்திருக்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஸ்டூலைக் கடை நடுவில் வைத்து உட்கார்ந்து, முன்னால் குனிந்து, இல்லாத ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு காலை மிதிக்க ஆரம்பித்தார்.

"பின்னாடி இடுப்பு தெரியுதா பாருங்க."

"ஒங்க இடுப்ப நான் எதுக்கு சாமி பாக்கணும்?"

"குனிஞ்சா சட்டை மேல ஏறும். அந்த எடத்துலதான் மழை பூரும். கண்ணாடியில நிமிந்து நின்னு பாத்து வாங்குறவன் ரோட்டுலயும் நின்னுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

அது முடிந்ததும் தொங்கிக்கொண்டிருந்த சட்டைகளில் ஒவ்வொன்றாக வாயை வைத்து ஊத ஆரம்பித்தார். துணிக்கு அந்தப் பக்கம் கையை வைத்துக்கொள்வார். ஊதின காற்று கைக்கு வந்தால் அந்தச் சட்டை தோல்வி.

"சாமி, இது நாதஸ்வரம் இல்ல."

"காத்து இங்குட்டு வந்தா நெஞ்சுக்கும் வரும். இந்த வரிச பூரா காத்து வருது. என்ன கடை வச்சிருக்கீங்க?"

ரோஸ் கலர் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கொழும்பு அம்மா, அதை மெதுவாகக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவர் கையில் காசை எடுத்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்? சாமி அதையெல்லாம் கவனிக்கவில்லை. பையிலிருந்து ஒரு செம்பை எடுத்து ஒரு சட்டையின் கைமேல் தண்ணீரை ஊற்றினார்.

"என்ன செய்றீங்க?"

"தீர்த்தம்தான். கறை புடிக்காது."

கடைசியில், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த ஒரு நல்ல சட்டை தேறியது. காற்றும் வரவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை. வாங்கினார். கத்தரிக்கோல் கேட்டார். கழுத்தில் இருக்கிற லேபலை வெட்டப் போகிறார் என்று கொடுத்தேன். அவர் சட்டையைத் திருப்பிப் போட்டு, இடுப்பு ஓரத்தை மட்டும் விட்டுவிட்டு, முதுகை முழுசாக வெட்டி எடுத்தார். என் கண்ணுக்கு முன்னால். அந்த முறை நான் இறக்கிய துணி மூட்டையிலேயே நல்ல சட்டை அது.

"பைத்தியமா ஒங்களுக்கு?"

"காத்து முன்னாடிதானே அடிக்குது. முதுகு எதுக்கு வேகணும்? ஏத்தத்துல முதுகு வழியாத்தான் வேர்வை போகணும்."

"யாராவது எங்க வாங்குனீங்கன்னு கேட்டா என் கடைப் பேரச் சொல்லாதீங்க."

"சொல்லாம எப்படி? நல்ல கடையாச்சே."

சொன்னார். லிந்துலை வரைக்கும் சொன்னார். ஒரு மாதத்துக்கு என் கடைக்கு வந்தவர்களெல்லாம் முதலில் சட்டையைத் திருப்பி முதுகு இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். குசினியில் சட்டி கழுவப் போடுகிற மஞ்சள் ரப்பர் உறையைக் கைக்குப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினார். உள்ளே வேர்வை நிறைந்து விரல் நுனியெல்லாம் ஊறி, விபூதி கொடுக்கும்போது ஒட்டிக்கொண்டு விழமாட்டேன் என்றதாம். நெஞ்சில் சூடத்தைக் கரைத்துப் பூசிக்கொண்டால் குளிர் ஏறாது என்று ஒரு கண்டுபிடிப்பு. குளிர் ஏறியது. தும்மலும் ஏறியது. அவர் கடைக்கு வந்துவிட்டுப் போனால் சட்டைகளெல்லாம் இரண்டு நாளைக்குக் கோயில் மாதிரி மணக்கும். வெளிநாட்டுக்காரர்கள் முகர்ந்து பார்த்துவிட்டு மருந்து போட்ட துணியா என்று கேட்பார்கள்.

இறக்கத்துக்கு அவர் வைத்திருந்த வழி பேப்பர். ஏறி முடித்ததும் சைக்கிளை நிறுத்தி, சட்டைக்குள்ளே நெஞ்சோடு பேப்பரை விரித்துச் செருகிக்கொண்டுதான் இறங்குவார். கீழே வந்ததும் எடுத்துவிடுவார். நான் எழுதுகிற இந்தப் பத்திரிகையையும் ஒருநாள் செருகிப் பார்த்திருக்கிறார். மறுநாள் கடைக்கு வந்து முறைப்பாடு.

"தங்கச்சி, நீங்க எழுதுற பத்திரிகை நெஞ்சுக்கு ஆகாது. வழுவழுன்னு இருக்கு. வேர்வைய இழுக்கல. தினசரிப் பேப்பர்தான் நல்லது."

"அது படிக்கிறதுக்கு அச்சடிக்கிறது சாமி."

"படிச்சிட்டுத்தான் வச்சேன். ஒங்க கட்டுரை சூடாத்தான் இருந்துச்சு. பேப்பர்தான் சரியில்ல."

மழைக்கு அவர் கண்ட வழியைக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கொழுந்து பறிக்கிற பெண்கள் செடி ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தக் கனமான பொலிதீன் படங்கை வாங்கி, வேட்டிக்கு மேலே இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் சுற்றிக் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தார். மிதிக்க மிதிக்க அது படபடவென்று அடிக்கும். மலையில் நிற்கிற பெண்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு நாள் வேலைக்குச் சம்பளம் பதிவதைத் தோட்டத்தில் பேர் போடுவது என்போம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான்.

"சாமி, கொழுந்துக்கு வந்துட்டீங்களா? பேரு போடச் சொல்லவா?" என்று ஒருத்தி மேலேயிருந்து கத்துவாள்.

"கூடை இல்லாம வந்திருக்காரு. சாமிக்கு அரைப் பேருதான்" என்று இன்னொருத்தி.

சாமி நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, "அரைப் பேருக்கே இந்த ஏத்தமா? நாளைக்கு நான் ஸ்ட்ரைக்" என்பார். மலை முழுக்கச் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படங்குதான் ஒருநாள் அவரை விழுத்தியது. ராதெல்லை வளைவில், மழையில், படங்கு கிழிந்து, ஈர வேட்டி செயினில் சுற்றி, சாமியும் சைக்கிளும் தேங்காயும் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள். நல்ல காலம், பின்னால் லொறி வரவில்லை. அதற்குப் பிறகு அந்த நனைந்த வேட்டியோடேயே போய் இரண்டு கோயில் பூசையை முடித்துவிட்டு, நெஞ்சில் சளி கட்டி நானுஓயாவில் படுத்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டி, இனி ஈரத்துணியோடு நின்றால் அடுத்த முறை வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

எழுந்து கடைக்கு வந்தபோது அரை ஆளாக இருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூட்டையைப் பிரித்துத் தேடி, வெளிநாட்டு சைக்கிள்காரர்கள் போடுகிற கறுப்புக் களிசான் ஒன்றை எடுத்து அவர்மேல் எறிந்தேன். காலோடு ஒட்டிப் பிடிக்கிற ஜாதி. உள்பக்கம் பூப்போல மெதுமெதுவென்று இருக்கும். நனைந்தாலும் சீக்கிரம் காயும், செயினில் மாட்டாது.

சாமி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, பாம்பு உரிச்ச சட்டை மாதிரி இருக்கு?"

"ஊதிப் பாக்காதீங்க. போய்ப் போடுங்க."

திரைக்குப் பின்னால் போனவர் வெளியே வருகிற வழியாக இல்லை.

"சாமி, உசுரோட இருக்கீங்களா?"

"தங்கச்சி, கால் இருக்குற மாதிரியே இல்ல."

"அதுதான் வேணும்."

"கால் இருக்குன்னு தெரிஞ்சாத்தானே மிதிக்கலாம்."

வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். முகம் மாறியது. அன்றைக்கு அவர் என்னோடு எந்த வழக்கும் பேசாமல் போனார். எனக்கே சந்தேகமாக இருந்தது, இன்னும் காய்ச்சல் விடவில்லையோ என்று.

அதற்குப் பிறகு அவர் ஏற்பாடு சுத்தம். வேட்டியைப் பொலிதீனில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொள்வார். ரோட்டில் ஒட்டுக் களிசான், முதுகில்லாத சட்டை. ஒவ்வொரு தோட்டத்திலும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள் போய்க் களிசானைக் கழற்றிவிட்டு, காய்ந்த வேட்டியைக் கட்டி, விபூதி பூசிக்கொண்டு கோயிலுக்கு நடப்பார். முன்பு செயின் எண்ணெயும் சேறுமாகக் கருவறைக்குள் போன வேட்டி, இப்போது பளிச்சென்று போனது. இதில் யாருக்கு என்ன குறை?

குறை சொல்ல ஆள் இல்லாத தோட்டம் உண்டா? லிந்துலைப் பக்கத்துக் கோயிலில் கமிட்டித் தலைவர் ஒருவர். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. ஒருநாள் மடுவம் பூட்டியிருந்தது. மழை வேறு. சாமி கோயிலுக்குப் பின்னால் சவுக்கு மரத்தடியில் நின்று உடுப்பு மாற்றப் போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தலைவரின் சம்சாரம் பொங்கல் பானையோடு வந்து, சாமியை ஒட்டுக் களிசானோடு பார்த்துவிட்டார். அவ்வளவுதான். மேல் லயத்தில் ஒட்டுக் களிசான் என்று புறப்பட்ட செய்தி, கீழ் லயத்துக்கு வந்து சேரும்போது களிசானே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம். பூசாரியை மாற்றுவதா இல்லையா என்று பேசப் போகிறார்கள். தலைவருடைய மச்சினன் ஒருவர் மோட்டார் சைக்கிள் வாங்கி வைத்துக்கொண்டு பூசையும் பழகிக்கொண்டிருந்தார் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். அந்தக் கோயில் போனால் மற்ற மூன்றும் போகும். ஒரு தோட்டத்தில் வேண்டாம் என்ற பூசாரியை அடுத்த தோட்டம் வைத்துக்கொள்ளாது. சாமிக்கு மணி ஆட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. ஆனால் களிசானை விட்டுவிட்டால் நெஞ்சு போகும். வேலையா நெஞ்சா என்று அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

அது நான் பிறந்த தோட்டம். என் அண்ணன் வீடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன்.

கோயில் மண்டபத்துக்கு வெளியே வாங்குகளைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மண்டபம் இருக்கும்போது வெளியே ஏன்? காரணம் இருக்கிறது. ஆண்கள் மேலாடையோடு உள்ளே வரக்கூடாது என்று இதே கமிட்டி போன திருவிழாவுக்குத்தான் சட்டம் போட்டு, பெரிய எழுத்தில் போர்டும் மாட்டியிருந்தது. ஆகவே வெளியே. தலைவர் உள்ளே ஸ்வெட்டர், மேலே ஜக்கெட், கழுத்தில் மப்ளர், தலையில் கண் மட்டும் தெரிகிற குல்லா. அத்தனையும் என் கடையில் வாங்கியது. சாமி மட்டும் பூசையை முடித்துவிட்டு வெறும் மேலோடு மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பூசாரின்னா ஒரு மதிப்பு வேணும்" என்றார் தலைவர். "வேட்டியோட வரட்டும். சைக்கிள்ல வர்றாரா, நடந்து வர்றாரா, அது எங்களுக்குத் தேவையில்ல. இந்த மாதிரி கண்ட கண்ட உடுப்போட நம்ம தோட்டத்துக்குள்ள வரக்கூடாது."

"மதிப்பப் பத்தி நீங்க பேசுறீங்களா?" என்றேன். "கண்ணு மட்டும் வெளிய தெரியுது. பேசுறது நீங்கதானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

"இது ஆம்பளைங்க கூட்டம்மா."

"சட்டை விக்கிறப்ப நான் பொம்பளைன்னு நீங்க பாக்கலையே. அவரு நெஞ்சுல சளி கட்டிப் படுத்தாரே, ஒங்க கமிட்டியிலேருந்து ஒருத்தராவது ஒரு சோடா வாங்கிட்டுப் போனீங்களா? மழையில நாலு கோயிலுக்கு மிதிக்கிறவருக்கு வேட்டி மட்டும். வாங்குல ஒக்காந்து பேசுறவருக்கு ஸ்வெட்டர் மேல ஜக்கெட்டு. நல்லா இருக்கு ஒங்க நியாயம்."

நாலைந்து பேர் தலையைக் குனிந்தார்கள். காரியம் நம் பக்கம் திரும்புகிறது என்று நினைத்தேன். அப்போதுதான் சாமி தூணை விட்டு இறங்கி வந்து, தலைவரின் ஸ்வெட்டர் ஓரத்தைப் பிடித்துத் தடவிப் பார்த்தார்.

"தலைவரே, இதுல கம்பளியே இல்ல. நனைஞ்சா சாக்கு மாதிரி தொங்கும். இத எதுக்கு வாங்குனீங்க?"

அவருக்காகத்தான் நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன். அவர் என் சரக்கைப் பழிக்கிறார். இந்த மனிதரை நானே வேலையை விட்டுத் தூக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

வானம் முந்திக்கொண்டது. மேல்மலையிலிருந்து இறங்கின மழை, நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வாங்கின்மேல் விழுந்தது. காற்றும் சேர்ந்துகொண்டது. லயம் தூரம். எல்லோரும் மண்டபத்துக்கு ஓடினார்கள். படியில் சாமி கையை நீட்டி மறித்தார்.

"மேலாடையோட உள்ள வரக்கூடாது."

"வெளையாடாதீங்க சாமி. மழை" என்றார் தலைவர்.

"நான் போட்ட சட்டமா? நீங்க போட்டது. போர்டுல நீங்கதான் கையெழுத்து."

அவர் கிண்டல் செய்யவில்லை. சட்டம் என்றால் அவருக்குச் சட்டம்தான். தலைவர் குல்லாவைக் கழற்றினார். மப்ளர், ஜக்கெட், ஸ்வெட்டர், சேட்டு, பெனியன். ஒவ்வொருவராகக் கழற்றிப் படியோரம் குவித்துவிட்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். குவியல் நனைந்தது. சாமி சொன்ன மாதிரியே ஸ்வெட்டர் சாக்குபோலத் தொங்கியது. அதை நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

கமிட்டி முழுவதும் வெறும் மேலோடு மண்டபத்தில் நின்றது. காற்று இந்தப் பக்கத்தால் வந்து அந்தப் பக்கத்தால் போனது. தலைவரின் பல் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"இப்ப பேசுங்க" என்றேன். "நல்லா நிதானமா, ஒவ்வொருத்தரா."

"பேச என்ன இருக்கு?" என்றார் கமிட்டியில் ஒருவர், கையிரண்டையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு. "ரோட்டுல என்ன வேணும்னாலும் போடட்டும். கோயிலுக்கு வேட்டியோட வந்தாச் சரி."

"மடுவத்துச் சாவி ஒண்ணு அவருகிட்டயே இருக்கட்டும்" என்றார் இன்னொருவர்.

தலைவர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் கற்பூரத் தட்டில் கையைக் காட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். "சரி, சரி" என்றார் தலைவர். எங்கள் தோட்டத்தில் அவ்வளவு சீக்கிரம் முடிந்த கமிட்டிக் கூட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சாமி எல்லோருக்கும் விபூதி கொடுத்தார். தலைவருக்குக் கொடுக்கும்போது, நெஞ்சைத் துடைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

மழை விட்டதும் அண்ணன் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன். பொழுது சாய்ந்துவிட்டது. ராதெல்லையைத் தாண்டியதும் பனிமூட்டம் ரோட்டை மூடிவிட்டது. பஸ் ஊர்ந்தது. ஏன் இப்படிப் போகிறது என்று பார்த்தால், முன்னால் சாமி. சைக்கிளில் விளக்கு இல்லை. கறுப்புக் கால் இரண்டும் மேலும் கீழும் போவது மட்டும் பஸ் வெளிச்சத்தில் தெரிகிறது. முந்த இடமில்லை. பின்னாலிருந்து நாலு பேர் சத்தம் போட்டார்கள். "ஹோன அடிங்க, ரயிலுக்குப் போகணும்" என்றார் ஒருவர். வேறு நாளாக இருந்தால் பஸ் பிந்துகிறதென்று டிரைவரை முதலில் பிடித்துக்கொள்பவள் நான்தான். டிரைவருக்கும் அது தெரியும். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அக்கா, ஹோன் அடிக்கவா?"

"அடிக்காத தம்பி. லைட்டு அவருக்கு முன்னாடி விழுற மாதிரி வச்சுக்க. அவரு வீடு வரட்டும், பொறகு போவோம்."